ஷேடு பார்த்த கண்ணும் வரைய மறந்த கையும்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கேட்டவர் திருப்பூர்க்காரர், வயது 59. பள்ளி நாளில் அரசு ஓவியத் தேர்வுகளான டிராயிங் லோயர், ஹையர் இரண்டும் தேறியவர். சென்னை ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பம்கூட வாங்கி வைத்திருந்தார். வீட்டு நிலைமை சாயப்பட்டறைக்கு அனுப்பிவிட்டது. பட்டறை லேபில் சேர்ந்து, சாயமேற்றுவதைப் பார்த்துக்கொள்ளும் டையிங் மாஸ்டராகி, இப்போது வேலையை விட்டிருக்கிறார். மறுபடி வரைய உட்கார்ந்தால் கை ஓடமாட்டேன் என்கிறது. இந்த வயதில் கை திரும்புமா, ஆயிலா அக்ரிலிக்கா, வகுப்பில் சேரலாமா, செட்டில்மென்ட் பணத்தில் மொட்டை மாடியில் ஒரு ரூம் போட்டுவிடலாமா என்று கேட்கிறார்.

அண்ணா, கை திரும்பும். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் கை கெட்டுப்போனதுதான் கோளாறு என்று நினைக்கிறீர்களே, அது பாதிதான் சரி. இருபது வயதில் உங்கள் கையும் கண்ணும் ஒரே உயரத்தில் இருந்தன. கை போட்டது கண்ணுக்குப் பிடித்தது. அதற்கப்புறம் கையை நிறுத்திவிட்டீர்கள், கண்ணை நிறுத்தவில்லை. லேப் டிப்பில், அதாவது சோதனைக்குப் போட்ட சாயத்தில், முப்பது கிண்ணத்தில் எது பையர் அனுப்பிய துண்டுக்கு ஒரு நூல் சிவப்பாக இருக்கிறது என்று தினமும் பார்த்த கண் அது. இப்போது உட்கார்ந்தால், கை இருபது வயதுப் பையனுடையதை விடவும் தடுமாறிப் போடுகிறது. பார்க்கிற கண்ணுக்கோ அறுபது வயது. தாளைக் கிழிக்கத்தான் தோன்றும்.

ஓய்வுக்குப் பிறகு வரைய வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். பாங்க்காரர்கள், நர்ஸ், மில் சூப்பர்வைசர், வாத்தியார்கள். நிறுத்திவிட்டுப் போனவர்கள் கை வராமல் போகவில்லை. கண்ணுக்கும் கைக்கும் நடுவில் இருக்கிற இந்த இடைவெளியைத் திறமை இல்லாததற்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டு போனார்கள். கண் முன்னால் நிற்பது நல்ல சேதி. பின்னால் இருக்கிற கையை இழுத்துக்கொண்டு வருவதுதான் முதல் வருட வேலை. வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த மாதிரிப் பேச்சு வந்தால் உடனே யாராவது தாகூரைச் சொல்வார்கள். அறுபதுக்கு மேல்தான் தீவிரமாக வரைய ஆரம்பித்தார், 1930இல் பாரிஸில் கண்காட்சி வைத்தார் என்று. அல்லது பாரிஸ் சுங்கச்சாவடியில் வேலை பார்த்து 1893இல், 49 வயதில், அதை விட்டுவிட்டு முழு நேரமும் வரையப் போன ஹென்றி ரூசோவை. இருவரும் பெரியவர்கள்தான். ஆனால் உங்களுக்கு உதவ மாட்டார்கள். பழைய பாடம் எதையும் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் வரவில்லை. நீங்கள் பொருளை எதிரே வைத்து வரைகிற மாடல் டிராயிங் கற்றவர், அதை மறந்தவர். புதிதாக ஆரம்பிப்பவருக்கு ஒப்பிட ஒன்றும் இருக்காது. திரும்பி வருகிறவருக்குப் பழைய டிரங்குப் பெட்டியில் நாலு படம் இருக்கும், அதைத் தினம் எடுத்துப் பார்ப்பார். அந்தப் பெட்டியை ஒரே ஒரு தடவை திறந்து, அந்த வயதில் எதை வரையப் பிடித்திருந்தது என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள்.

நம் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால், கோவை அவினாசி ரோட்டில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடத்துக்கு ஒரு நாள் போய் வாருங்கள். ஜவுளித் தொழில்நுட்பக்காரர், 1956இல் தொடங்கிய சிட்ரா என்கிற ஜவுளி ஆராய்ச்சி நிலையத்துக்கு முதல் இயக்குநர். அவர் பெயரில் இருக்கும் இடத்தில் ஓவியக்கூடமும் ஜவுளி அருங்காட்சியகமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நூலும் வண்ணமும் ஒரே வாசல்.

சரி, கை வேலைக்கு வருவோம்.

முதல் மூன்று மாதம் வண்ணமே தொடாதீர்கள். உங்களுக்குத்தான் இது கஷ்டம், தெரியும். ஆனால் வண்ணத்தில் உங்கள் கண் ரொம்பக் கெட்டி. அந்த சாமர்த்தியத்தில் வரைதலின் ஓட்டையை மூடிக்கொண்டு போய்விடுவீர்கள். 2பி, 6பி பென்சில், ஒரு பால்பாயின்ட் பேனா, மலிவான ஏ4 கட்டு. தினம் இருபது நிமிடம், காபிக்கு முன்போ பின்போ, நேரம் மாறாமல். ஞாயிறு முழுக்க உட்கார்ந்துவிட்டு அடுத்த ஆறு நாள் தொடாமல் இருப்பதைவிட இந்த இருபது நிமிடம் மேல்.

பயிற்சி இரண்டே இரண்டு. ஒன்று, தாளைப் பார்க்காமல் வரைவது. செருப்போ, பூண்டோ, உங்கள் இடக்கையோ, எதையாவது எதிரே வைத்து, அதன் விளிம்பில் கண்ணை எறும்பு மாதிரி ஊர விடுங்கள்; கண் நகரும் வேகத்தில் பென்சிலும் நகர வேண்டும். தாளைக் குனிந்து பார்க்கக் கூடாது. வருவது கோணல்மாணலாக இருக்கும், அழகாக இருக்க வேண்டியதில்லை. கண் சொல்வதைக் கை கேட்கப் பழகுவதற்குத்தான் அது. உங்கள் பிரச்சினை அதேதானே. இரண்டாவது, நகர்கிறதை வரைவது. பழைய பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்தால் யாரும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஒரே நிலையில் நிற்க மாட்டார்கள். முழு ஆளைப் போட முயலாமல், உடம்பு சாய்ந்திருக்கிற கோட்டை மட்டும் போட்டு அடுத்த ஆளுக்குப் போங்கள். மணிக்கட்டிலிருந்து வரையாமல் தோளிலிருந்து வரையுங்கள். ஐம்பதுக்கு மேல் பலருக்கும் தோள் இறுகிப்போயிருக்கும். நின்றுகொண்டு, சுவரில் பழைய காலண்டர் தாளைத் திருப்பி ஒட்டி, பெரிய வட்டங்களாகப் போட்டால் அதற்கும் நல்லது.

கோடு கொஞ்சம் தைரியப்பட்டதும் துணியை வரையுங்கள். இங்கே உங்களுக்கு இருக்கிற வசதி எனக்கில்லை. ஒரு மீட்டர் பனியன் துணியை நனைத்துக் கொடியில் போடுங்கள். பக்கத்தில் சென்னிமலைப் பெட்ஷீட் ஒன்று காயட்டும். இரண்டையும் வரையுங்கள். தறியில் நெய்த துணி மடிகிற இடத்தில் முனை பிடித்து, கோணம் காட்டி உடையும். பின்னலாடைத் துணி உடையாது. எடை தாங்காமல் கீழ்நோக்கி இழுபட்டு, மடிப்பு உருண்டையாக வந்து, அடியில் தண்ணீர் சேர்கிற இடத்தில் கனத்துத் தொங்கும். காயக் காய மேல் மடிப்பு முதலில் லேசாகும். இதையெல்லாம் நான் ஒருவருக்குப் பல வாரம் சொல்லிக் கொடுக்க வேண்டும். நீங்கள் சாஃப்ட் ஃப்ளோ சாய மெஷினிலிருந்து ஈரத்துணி இறங்குவதை எத்தனை லாட் பார்த்திருப்பீர்கள்! சேலையும் வேட்டியும் வராத தமிழ்நாட்டு ஓவியம் அபூர்வம். துணி வந்துவிட்டால் மனிதர்கள் பாதி வந்துவிட்டார்கள்.

இப்போது வண்ணம். டையிங்காரருக்கு இதில் ஒரு பெரிய பலமும் ஒரு பொறியும் இருக்கின்றன.

பொறி எது என்றால், பொருத்திப் பார்க்கிற பழக்கம். ஷேடு கார்டில் இருப்பதும் துணியில் வந்ததும் ஒன்றா இல்லையா என்பதுதான் உங்கள் தொழில் முழுக்க. படம் அப்படிப் பொருந்தாது. தாளில் இருக்கிற எந்த நிறமும் தனியாக நிற்காது. பக்கத்து நிறம் அதை மாற்றிவிடும். இதை முறையாக ஆராய்ந்து சொன்னவரே உங்கள் தொழில்காரர்தான். பாரிஸ் கோபெலின் திரைச்சீலை ஆலையில் 1824இல் சாயப்பிரிவுக்குத் தலைமை ஏற்ற மிஷெல் ஷெவ்ரூல் என்கிற வேதியியலாளர். கறுப்புச் சாயம் சோடையாக இருக்கிறது என்று அவருக்குப் புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தார், குற்றமில்லை. அந்தக் கறுப்பு நூல் நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்யப்பட்டிருந்தது. பக்கத்து நிறம்தான் அதை அப்படிக் காட்டியது. 1839இல் அதை விரிவாக எழுதி வெளியிட்டார். தெலக்ருவா, சூரா போன்ற ஓவியர்கள் அவர் சொன்னதைப் பயன்படுத்தினார்கள். புகார் வந்ததும் 'அடிஷன் போடு', இன்னும் கொஞ்சம் சாயம் சேர் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவர் சொல்லவில்லை!

ஆகவே தென்னை ஓலையின் பச்சையைத் தட்டில் அப்படியே கொண்டுவந்துவிட வேண்டும் என்று அரை மணி நேரம் கலக்காதீர்கள். ஓலை வானத்தைவிட எவ்வளவு இருட்டு, பக்கத்து ஓட்டுக் கூரையைவிட எவ்வளவு குளிர்ச்சி என்று பாருங்கள். அந்த உறவு சரியாக இருந்தால் பச்சை கொஞ்சம் தப்பினாலும் தென்னை தென்னையாகவே இருக்கும்.

பலம் என்னவென்றால், சாயம் எது வெளுக்கும், எது நிற்கும் என்று உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. லைட் ஃபாஸ்ட்னஸுக்கு, அதாவது வெளிச்சத்தில் வெளுக்காமல் நிற்பதற்கு, 1 முதல் 8 வரை புளூ உல் அளவு பார்த்திருப்பீர்கள்; அதில் எட்டுதான் உயர்ந்தது. ஓவியர் டியூபிலும் அதற்கு ஏ.எஸ்.டி.எம். என்கிற தர அமைப்பின் தரம் ரோமன் எண்ணில் போட்டிருக்கும். அங்கே ஒன்றுதான் உயர்ந்தது, ஐந்து மட்டம். தலைகீழ், குழம்பிவிட வேண்டாம். பெயரை நம்பாமல் பிக்மென்ட் (நிறத்தூள்) எண்ணைப் பாருங்கள். பி.ஆர். 83 என்று இருந்தால் அது அசல் அலிசரின் கிரிம்சன். சாயவேரில் நம் முன்னோர் எடுத்த சிவப்பும் ஐரோப்பாவில் மஞ்சிட்டி இன வேரிலிருந்து எடுத்த சிவப்பும் இந்த அலிசரின்தான். 1868இல் ஜெர்மனியில் செயற்கையாகச் செய்தார்கள். படிகாரம் கொடுத்த பருத்தியில் நன்றாகப் பிடித்து நின்ற அது, தாளில் மெல்லிய நீர்வண்ணப் பூச்சாக வெயில் படும் சுவரில் வெளிறிப்போகும். அதற்குப் பதில் குவினாக்ரிடோன் சிவப்பு வாங்குங்கள்.

இன்னொன்று. பட்டறையில் மிச்சமிருக்கிற ரியாக்டிவ் சாயத்தைக் கரைத்துத் தாளில் பூசிப் பார்க்கலாமே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். வேண்டாம். சாயம் கரைந்து நூலோடு பிணைவதற்கென்று செய்தது; பிக்மென்ட் கரையாத தூள், பிசினில் ஒட்டி மேலே நிற்பது. ஒரு சட்டை சில வருடம் தாங்கினால் போதும், படம் பேரன் காலத்திலும் சுவரில் இருக்க வேண்டும்.

ஆயிலா அக்ரிலிக்கா என்பதற்கு என் பதில் இரண்டும் இல்லை, முதலில் நீர்வண்ணம். ஆயிலுக்கு டர்பன்டைன் நெடி வேண்டும். பட்டறை ஆவியை இத்தனை வருடம் மூச்சில் வாங்கிய ஆள் அதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம். அக்ரிலிக் நம் ஊர்க் காற்றுக்குத் தட்டிலேயே தோல் கட்டிவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசுகிற காற்றில் ஜன்னலைத் திறந்து வைத்து அக்ரிலிக் போட்டுப் பாருங்கள், தெரியும். நீர்வண்ணமும் காயும்தான், ஆனால் தாளின் பின்பக்கத்தையும் நனைத்து, கண்ணாடித் தகட்டில் அப்பினால் நேரம் கிடைக்கும். தாளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 300 ஜி.எஸ்.எம். கனத்தில் முழுப் பருத்தித் தாள். விலையைக் கேட்டால் பகீர் என்றிருக்கும். 56க்கு 76 சென்டிமீட்டர் முழுத்தாளை எட்டாக வெட்டிக்கொள்ளுங்கள், ஏ4 தாளைவிடக் கொஞ்சம் சின்னத் துண்டு, பயமில்லாமல் கெடுக்கலாம். ஸ்கூல் போஸ்டர் கலர் டப்பாவை மறந்துவிடுங்கள்.

வண்ணம் ஐந்தாறு போதும். அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கட்டாயம். ஏன் என்று ஒரு மாட்டை வைத்துச் சொல்கிறேன். காங்கேயம் காளையின் நிறம் என்ன? எல்லோரும் வெள்ளை, சாம்பல் என்பார்கள். கன்று பிறக்கும்போது சிவப்பு, ஆறு மாதம் ஆகும்போது சாம்பலுக்கு மாறுகிறது. காளைக்குத் திமிலிலும் கழுத்திலும் கரும்படலம். அந்தக் கரும்பகுதியைக் கறுப்பு டியூபில் போட்டால் கரி பூசின மாதிரி செத்துக் கிடக்கும். அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் சாம்பல் வரும். நீலம் தூக்கலாக வைத்தால் குளிர்ந்த சாம்பல், திமிலின் நிழல் பக்கத்துக்கு. பழுப்பு தூக்கலாக வைத்தால் சூடான சாம்பல், வயிற்றுக்கு அடியில். அங்கே வெயில் நேராக விழாது, காட்டுச் செம்மண்ணில் பட்டுத் திரும்பி வருகிற ஒளிதான் விழும். வயிற்றின் அடி லேசாகச் சிவந்திருப்பது அதனால். கரடுமுரடான தாளில் அல்ட்ராமரீன் குழிகளில் மணல் மணலாகத் தங்கும். மயிர்த்தோல் தானாக வந்துவிடும். முதுகில் வெயில் அடிக்கிற இடம் வெறும் தாள். வெள்ளை தொடவே வேண்டாம்.

சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போய் இரண்டு நாள் உட்கார்ந்தால் இது ஒன்றுக்கே ஒரு நோட்டு நிறையும். சந்தை இல்லாத நாளில் காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம் இருக்கிறது: கிளுவை வேலி, நடுவில் வெள்வேலா மரம், காய்ந்த கொழுக்கட்டைப் புல். பச்சையே இல்லாத இடத்தில் வண்ணம் கற்றால்தான் பச்சை கட்டுக்குள் வரும் என்பது என் கட்சி. கோடு பழக அவினாசிக் கோயிலும், திருமுருகன்பூண்டியில் சிற்பிகள் கல் கொத்துகிற பட்டறைகளும் உங்களுக்குக் கூப்பிடு தூரம். கோயில் சிற்பங்களை நேரில் உட்கார்ந்து வரைந்து ஆனந்த விகடனில் தந்த சில்பி நாமக்கல்லில் பிறந்தவர். அவரை ஓவியப் பள்ளிக்குப் போகச் சொன்னவர் நாமக்கல் கவிஞர், அவரே ஓவியரும்கூட. போட்டோ எடுத்து வந்து வீட்டில் வரைவதைக் கொஞ்ச காலம் தவிருங்கள். போன் கேமரா நிழலை எல்லாம் ஒரே கறுப்பாக்கிவிடும்.

நொய்யலையும் ஒரு நாள் வரைய வேண்டியிருக்கும் உங்களுக்கு. பட்டறைச் சாயக்கழிவு கலந்து, அன்றைக்கு என்ன ஷேடு ஓடுகிறதென்று ஆற்றைப் பார்த்தே சொன்ன காலம் உண்டு. 2011இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதும், பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாகிப் போனதும் உங்கள் வேலைக்காலத்தில் நடந்தவை. சூரிய உதயமும் மயிலும் வரைய ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்த நீரின் நிறத்தை உள்ளே இருந்து பார்த்த கண் அவர்களிடம் இல்லை. முதல் வருடத்தில் அல்ல, கை தேறிய பிறகு.

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. புரொகிரசிவ் கண்ணாடியோடு வரையாதீர்கள். தாளின் ஓரம் வளையும், தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து போகும். கை நீட்டுகிற தூரத்துக்கு மட்டும் ஒரே பவரில் தனிக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கண்புரை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கு 1912இல் புரை என்று கண்டுபிடித்து 1923இல்தான் அறுவை செய்தார்கள். நடுவில் போட்ட படங்கள் செம்பழுப்பாகப் போனது ஊரறிந்த கதை.

வகுப்பு வேண்டுமா என்றால், வாரம் ஒரு நாள் ஆளை வைத்து வரைகிற இடம் கிடைத்தால் சேருங்கள். பக்கத்தில் இருபது வயதுப் பிள்ளை உங்களைவிட நன்றாகப் போடும், அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் படத்தைப் போட்டால் சூப்பர், அருமை என்று இருபது கும்பிடு வரும். அதனால் பத்துப் பைசாப் பிரயோஜனம் இல்லை. 'மாட்டுக்குக் காலு நீளமுங்க' என்று சொல்கிற ஒரே ஒரு ஆளைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். மாட்டுக்காரராகவே இருந்தாலும் பரவாயில்லை, இன்னும் நல்லது.

அப்புறம், சொந்தபந்தம். நீங்கள் வரைகிறீர்கள் என்று தெரிந்த மாதத்திலேயே மாமன் வீட்டிலிருந்து ஆள் வரும். ஆதார் கார்டு சைஸ் போட்டோவைக் கொடுத்து, இறந்த அப்புச்சியைப் பெரிசாக வரைந்து கொடு, குலசாமியை வரைந்து கொடு என்பார்கள். ஒரு வருடம் போகட்டும் என்று சொல்லிவிடுங்கள். வருத்தப்படுவார்கள். ஒத்துக்கொண்டால், ஜாடை வரவில்லை என்று அதைவிட அதிகம் வருத்தப்படுவார்கள், நீங்களும் பென்சிலைக் கீழே வைத்துவிடுவீர்கள்.

கடைசியாக மாடி ரூம். இப்போது போடாதீர்கள். ரூம் முடிகிறவரை கொத்தனார், சிமென்ட், பில் என்று ஆறு மாதம் ஓடும். அத்தனை நாளும் வரையாமல் இருக்க அருமையான காரணம் கிடைத்துவிடும். இப்போதைக்கு ஜன்னலோரம் ஒரு மேசை போதும். ராத்திரி வரைந்தால் 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி., நிறத்தை உள்ளபடி காட்டுகிற அளவான சி.ஆர்.ஐ. 90க்கு மேல். பகல் வெளிச்சம் மாதிரியான டி65 லைட் பாக்ஸில் ஷேடு பார்த்த உங்களுக்கு, ஒரு வெளிச்சத்தில் பொருந்துகிற நிறம் இன்னொன்றில் பொருந்தாமல் போகிற மெட்டாமெரிசம் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

ஒரு வருடம் கழித்தும் ரூம் வேண்டும் என்று தோன்றினால் கட்டுங்கள், ஆனால் புத்தகத்தில் இருப்பதுபோல் வடக்கு ஜன்னல் வைத்தால் நேர்வெயில் வராது என்று நம்பிவிடாதீர்கள். அது ஐரோப்பாவுக்கு எழுதியது. திருப்பூர் 11 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாவது வாரத்திலிருந்து ஆகஸ்ட் நாலாவது வாரம் வரை உச்சிவேளைச் சூரியனே நமக்கு வடக்கில்தான் நிற்கும். காலை, மாலைச் சாய்வெயில் இன்னும் நாள் கூட வரும். வடக்கு ஜன்னலுக்கு மேலே இரண்டடி சன்ஷேடு இறக்கி, இரு பக்கமும் செங்குத்தாகத் தடுப்புச் சுவர் வைக்கச் சொல்லுங்கள். கூரைக்குத் தகரமோ சிமென்ட் ஷீட்டோ வேண்டாம், சித்திரையில் உள்ளே உட்கார முடியாது. ஓடு போடுங்கள், அடியில் பலகை அடித்து. சுவருக்கு வெள்ளை வேண்டாம், வெளிர் சாம்பல். உங்கள் லைட் பாக்ஸின் உள்பக்க நிறம் என்று பெயின்டரிடம் துண்டு காட்டுங்கள். அந்த ஷேடை நீங்களே பொருத்திப் பார்த்துக்கொள்வீர்கள்.